ஊளையிட்டே வாழவைத்தவர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பார்மாவில் ஏப்ரல் கடைசியில் கிளம்பிய வதந்தி, மே பிறப்பதற்குள் முடிவெட்டும் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் நார்ம் ஸ்லாடெக், தன் பஸ்ஸிலேயே வளர்ந்த பையனை நம்ம டீம் தேர்ந்தெடுத்த அதே நிமிஷத்தில், சர்ச் மண்டபத்தில், பெற்றவள் கண்ணெதிரே ஊளையிட்டு அவமானப்படுத்தினாராம். அந்த அம்மாள் பியரோகித் தட்டைத் தூக்கி அவர் மேல் வீசினாளாம்.

பியரோகி என்பது உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை. இந்த வதந்தியில் பூரணம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று விசாரித்துப் பார்த்ததில், மண்டபம் உண்மை, ஊளை உண்மை, தட்டு பறந்ததும் உண்மை. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிய கயிறுதான் பொய். அதைச் சரியாகக் கட்ட வேண்டுமானால் நார்மிடமிருந்து தொடங்க வேண்டும்.

நார்ம் பிறவியிலேயே கைதட்டுகிற ஆள். பள்ளிக்கூட நாடகத்தில் திரைச்சீலை சரியாக மூடினால்கூடத் தட்டுவார். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளை பல் விழுந்ததைக் காட்டினால் அதற்கும் தட்டுவார். இப்படிப்பட்ட மனிதர் இந்த ஊர்க் கால்பந்து டீமை ஆதரித்தது அவருடைய ஜாதகக் கோளாறு. கால்பந்து என்று பெயரே தவிர இதில் காலுக்கு வேலை கம்மி. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுவார்கள். நம்ம டீம் பெரும்பாலும் கீழே கிடக்கும்.

ஆண்டுக்கொரு முறை கல்லூரிப் பையன்களை எல்லா டீம்களும் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன பருவத்தில் மோசமாகத் தோற்றவனுக்கு முதல் முறை. ஆகவே வரிசையில் பின்னால் நிற்பது எப்படி என்றே இந்த ஊருக்குத் தெரியாது. ஆட்டத்தில் ஜெயிக்க முடியாத ஊருக்கு டிராஃப்ட் நடக்கும் மூன்று நாள்தான் திருவிழா. யாரும் இன்னும் தோற்கவில்லையே.

நார்மும் ஆண்டுதோறும் பாஸ்குவாலி மதுக்கடையில் உட்கார்ந்து, பெயர் அறிவித்ததும் மனசாரத் தட்டுவார். ஒரு வருஷம் பந்தெறியும் பையன் ஒருவனுக்கு எழுந்து நின்று தட்டினார். பையன் முதல் பயிற்சியிலேயே தோளை உடைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் ஓட்டக்காரன் ஒருவனுக்கு ஆனந்தக் கண்ணீரே விட்டார். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு அரிசோனாவில் வீட்டுமனை விற்கப் போய்விட்டான். பிறகு ஒரு வருஷம், டீம் யாரோ பேர் தெரியாத, பந்தை உதைக்க மட்டும் வருகிற ஒருவனை எடுத்தபோது, தொண்டையில் வறுத்த கோழி இறக்கைத் துண்டு சிக்கி நார்ம் “ஊஊ” என்று ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டார். அந்த உதைப்பவன் பத்து வருஷம் ஆடினான்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது கடைக்காரர் ரே பாஸ்குவாலி.

“டேய் நார்ம், நீ தட்டினா தரித்திரம்டா. இனிமே கையை மடியில வெச்சுக்க. வாயை மட்டும் தொற.”

“நல்ல ஆட்டக்காரனா இருந்தா என்னடா பண்றது?”

“நல்லவனா இருந்தா இன்னும் சத்தமா ஊளையிடு.”

அன்றிலிருந்து டிராஃப்ட் நாளில் கடையில் யாரும் தொலைக்காட்சியைப் பார்ப்பதில்லை, நார்மைத்தான் பார்ப்பார்கள். நிபுணர்கள் கோட்டு போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். பார்மா பொறுமையாக நார்மின் வாய்க்குக் காத்திருக்கும். ஒரு தடவை மனைவி மார்ஜின் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்த வருஷத்துப் பையன் விமானப் படிக்கட்டில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். வராமல் இருந்தாலும் ஆபத்து என்று தீர்ப்பாயிற்று. மார்ஜின் தங்கை இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் ரோமன் போட்னார் வந்தான்.

ரோமன் முதல் வகுப்பிலிருந்து நார்மின் பஸ். எட்டாம் வகுப்பிலேயே இரண்டு பேர் இடம் அவன் ஒருவனுக்கு வேண்டியிருந்தது. அவன் வலது பக்கம் உட்கார்ந்தால் திருப்பத்தில் பஸ் சாய்கிறது என்று நார்ம் அவனை இடப்பக்கம், ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காரவைத்தார். அத்தனை வருஷத்தில் நார்ம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது “டேய், உக்காரு” என்ற ஒன்றுதான். அவன் அம்மா ஹலீனா, உக்ரைனிலிருந்து வந்தவள், ரொட்டிக்கடையில் வேலை. முதல் பனி விழும் நாளன்று நார்ம் வீட்டுக்கு ஒரு தட்டு பியரோகி தவறாமல் வரும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் குளிர்பெட்டிக் கதவு முழுக்க ரோமன் படம்தான்.

தொலைக்காட்சிக்காரர்கள் பேர் சொல்லாத ஒரு கல்லூரியில் ரோமன் முன்வரிசையில் நின்று வருகிறவனையெல்லாம் மறித்தான். டிராஃப்டின் கடைசி நாளான சனிக்கிழமை மதியம் யாராவது எடுப்பார்கள் என்று பேச்சு. ஹலீனா சர்ச் மண்டபத்தைப் பிடித்து ஊரையே அழைத்தாள். முதல் அழைப்பு நார்முக்கு.

முந்தைய நாள் மார்ஜ் அவரைப் பார்த்துவிட்டு, “என்ன, மூஞ்சி பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?” என்றாள்.

“நம்ம டீமே அவனை எடுத்துட்டா?”

“எடுத்தா சந்தோஷந்தானே.”

“சந்தோஷப்பட்டா அவன் காலு போச்சு. ஊளையிட்டா ஹலீனா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. அந்தம்மாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது, மார்ஜ். பையனைப் பாத்து ஊளையிட்டா காறித் துப்புறதா நெனைக்கும்.”

“அப்ப வேற டீம் எடுக்கணும்னு வேண்டிக்க.”

நார்மால் அதையும் வேண்டிக்கொள்ள முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம டீம் உடுப்பில் அவனைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக மனசில் ஓட்டிப் பார்த்த படம் அது.

சனிக்கிழமை மண்டபத்தில் மூன்று மேசை நிறையப் பலகாரம். பாதிரியார்கூட டீம் தொப்பி போட்டிருந்தார். நார்ம் ஓரமாக, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். ரே ஒரு தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சாப்பிடாதே, தொண்டை வேணும்” என்று சொல்லி அவர் பங்கையும் தானே சாப்பிட ஆரம்பித்தார்.

நம்ம டீம் முறை வந்தது. மேசைமேலிருந்த ரோமனின் கைபேசி அடித்தது. அவன் எடுத்தான். “ஆமா சார்” என்றான். பிறகு இன்னொரு தடவை “ஆமா சார்.” அந்தப் பெரிய முகம் சின்னப்பிள்ளை முகமாக மாறிக்கொண்டே வந்தது. திரையில் பெயர் வந்தது. பார்மா, ஒஹையோ என்றும் போட்டார்கள்.

மண்டபத்தின் ஆரவாரம் கூரையைப் பிய்த்தது. அடுத்த விநாடி, பழக்கதோஷத்தில், அத்தனை தலையும் நார்ம் பக்கம் திரும்பியது. சத்தம் அடங்கிப்போனது.

நார்மின் கைகள் இரண்டும் தொடைக்கு அடியிலிருந்து தாமாகவே மேலே கிளம்பின. ரே அவற்றைப் பிடிக்கப் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் மடியிலிருந்த தட்டு பறந்து, ஆறு பியரோகியும் பாதிரியார் காலடியில் விழுந்தன. தட்டு விஷயம் இவ்வளவுதான்.

“ஊளையிடுடா, பாவி,” என்றார் ரே.

“வரலடா.”

ரோமன் மண்டபத்தைக் கடந்து வந்து நார்முக்கு முன்னால் நின்றான். கண்ணெல்லாம் நீர்.

“மிஸ்டர் ஸ்லாடெக், நானும் இந்த ஊர்ல பொறந்தவன்தான். நீங்க தட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தயவு பண்ணி ஊளையிடுங்க.”

நார்ம் எழுந்தார். மூச்சை இழுத்தார். பிறகு வந்த ஊளை, பஸ் ஹாரனும் ஏரிக்கப்பலின் சங்கும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருந்தது. கண்ணீர் தாடை வழியாக வழிய, இத்தனை வருஷம் தட்டாமல் அடக்கிய அத்தனையும் வாய் வழியாக வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாகப் பாதிரியாரே சொல்கிறார்.

ஊளை முடிந்ததும் எல்லோர் கண்ணும் ஹலீனா மேல் போனது. அவள் கரண்டியோடு நடந்து வந்தாள்.

“மிஸ்டர் நார்ம். என் புள்ளையப் பாத்தா கத்துனீங்க?”

“அவனுக்காகத்தான்மா. நான் நல்லாருக்குன்னு சொன்னா எதுவும் விளங்க மாட்டேங்குது. அதனால… அவன் கால் கை நல்லாருக்கணும்னு…”

ஹலீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுக்கா இப்படி அழறீங்க? எங்க ஊர்ல அழகான குழந்தையப் பாத்தா ‘சீ, அசிங்கமா இருக்கு’ன்னுதான் சொல்லுவோம். கண்ணு பட்டுடும்ல.” தோளுக்குப் பின்னால் மூன்று தடவை “தூ” என்றாள். பிறகு மகனைப் பார்த்து, கரண்டியை உயர்த்தி, தன் வாழ்க்கையின் முதல் ஊளையை இட்டாள். புதுசுக்குப் பரவாயில்லை என்று ரே சான்றளித்தார்.

அதற்குப் பிறகு மண்டபமே ஊளையிட்டது. பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஊளையிட்டார். வெளியே கார்கள் ஹாரன் அடித்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துத் தெருக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். உலகத்தில் எந்தப் பிள்ளையையும் ஒரு ஊர் இவ்வளவு பாசமாகத் திட்டியிருக்காது. நடுவில் நின்ற ரோமன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

அக்டோபரில் ரோமனுக்கு ஆட வாய்ப்பு வந்தது. வந்த இடத்தை அவன் பிறகு விடவில்லை. அவனைத் தாண்டிப் போக முயன்றவர்கள் பார்மாவில் பிள்ளைகளுக்கு என்னதான் சாப்பாடு போடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே மல்லாந்தார்கள். டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. ஜனவரியில், ஊரில் பாதிப் பேர் பார்த்தே இராத அடுத்த கட்ட ஆட்டத்துக்கும் போய், அதிலும் ஜெயித்தது. ஆட்ட அரங்கின் மேல் வரிசையில் நார்மும் ஹலீனாவும் உட்கார்ந்து, ரோமன் ஒவ்வொருவனைச் சாய்க்கும்போதும் ஊளையிட்டார்கள். முன் இருக்கையிலிருந்த முரடன் ஒருவன், நம்ம ஆளையே கேலி செய்கிறார்கள் என்று அடிக்க எழுந்தான். ஹலீனா தான் யார் என்று சொன்னதும் அவனும் உட்கார்ந்து ஊளையிட்டான்.

பருவம் முடிந்த பிறகு ரோமன் பஸ் கொட்டகைக்கு வந்தான். நார்ம் பஸ்ஸுக்குள் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கைதட்டல் பாக்கி இருக்கு, மிஸ்டர் ஸ்லாடெக்.”

“தெரியும். நீ ஆட்டத்தை விடுற அன்னிக்கு மொத்தமா தட்டுறேன்.”

“பத்து வருஷம் ஆகுமே.”

“ஆகணும்டா.”

ரோமன் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். இப்போது அந்த இடத்திலும் பஸ் சாய்ந்தது. நார்ம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். கைகள் இரண்டும் மெல்ல ஒன்றையொன்று நோக்கிக் கிளம்பின.

“கை,” என்றான் ரோமன்.

நார்ம், தட்டினாலும் சத்தம் வராத தடித்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.