பெரிய சொத்துக்காரங்க கூடுதலா வரி கட்டட்டும்

ஃபால்ஸ் தைக்க வந்த புடவையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் அல்போன்சம்மாள் ஊசியில் நூல் கோப்பதில்லை. "எண்ணூறு வெள்ளியா? நல்லாத்தான் இருக்கு. இதுக்கும் ஒன்பது பர்சன்ட் ஜிஎஸ்டி, எங்க வீட்டுக்காரர் டயப்பருக்கும் ஒன்பது பர்சன்ட். நியாயமே இல்ல லா." புடவைக்காரம்மா சிரித்து மழுப்புவார். அல்போன்சம்மாளா விடுவார்? அளவு நாடா கழுத்தில் தொங்க, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தேக்கா சந்தை நிலையத்து மாடியில், துரைசாமியின் தையல் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. வயது அறுபத்திரண்டு. முழங்கால்தான் வலிக்கும், வாய் வலித்ததே கிடையாது. கடையில் யாராவது "கவர்மென்ட் குடுக்குது" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "நாம குடுத்தத திருப்பிக் குடுக்குதுன்னு சொல்லுங்க" என்பார். "நீங்கதான் இன்கம் டாக்ஸே கட்டறதில்லயே அக்கா" என்று துரைசாமி ஒருநாள் சீண்டிப் பார்த்தார். "கட்டற அளவுக்குச் சம்பளம் குடுங்க, கட்டறேன்" என்று பதில் வந்தது. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, காப்பிக் கோப்பையோடு அல்போன்சம்மாள் நெருங்குவதைக் கண்டாலே பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். மாட்டிக்கொண்டவர்களுக்கு முழுப் பிரசங்கமும் உண்டு. "கோடீஸ்வரன் செத்தா பங்களா அப்படியே பிள்ளைக்குப் போகுது. கைமாறுற அன்னிக்கு அஞ்சு காசு வரி இல்ல. நான் சோப்பு வாங்கினா வரி." நமக்குத்தான் அரசாங்கத்தின் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுப் பணம் வருகிறதே என்று யாராவது சமாதானம் சொன்னால், "வருது, வாங்கிக்கறேன், எனக்கென்ன வெட்கம்? அத வச்சு டே கேர் நடத்த முடியுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

அங்கேதான் அவருக்கு வலி. பூன் லேயில், அவர் வீட்டுக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போன கணவர் ஆம்ப்ரோஸ் காலையிலிருந்து மாலைவரை அங்கே ஒற்றைக் கையால் கேரம் ஆடுகிறார், அதிலும் கள்ளாட்டம். அவர் அங்கே இருப்பதால்தான் இவர் தேக்காவுக்கு ரயிலேற முடிகிறது. போன மாதம் நிலையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பணம் போதவில்லை, வாரத்துக்கு ஐந்து நாள் என்பது இனி மூன்று நாளாகலாம். வாரத்தில் இரண்டு நாள் வராத ஆளை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அல்போன்சம்மாள் அழவில்லை. அவருக்கு ஆத்திரம்தான் வந்தது.

வட்டாரத்துக்கான பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று சமூக மன்றத்தில் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றதும், அரைநாள் விடுப்பெடுத்து முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தார். நான்கு பலகைகள் வைத்திருந்தார்கள்: முதியோர், குழந்தைகள், மருந்தகம், பேருந்து. ஆளுக்கு மூன்று சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர். "எதுக்கு முதல்ல காசு போகணுமோ அங்க ஒட்டுங்க ஆன்ட்டி. நிறையப் புள்ளி வாங்கினதத்தான் முதல்ல பார்ப்பாங்க" என்றார் கூட்டத்தை நடத்திய இளம்பெண் கிளாரிசா.

அல்போன்சம்மாள் நேராக முதியோர் பலகைக்குத்தான் போனார். பக்கத்துப் பலகையில், எதிர்வீட்டு அனுப்ரியா இடுப்பில் கைக்குழந்தையோடு தன் மூன்று புள்ளிகளையும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "சாரி ஆன்ட்டி. எனக்கும் வேற வழியில்ல."

அல்போன்சம்மாளுக்குக் கோபம் வந்தது. அனுப்ரியா மேல் அல்ல. கிளாரிசாவிடம் திரும்பினார். "நானும் இவளும் எதுக்கும்மா அடிச்சிக்கணும்? காசு யார்கிட்டேர்ந்து வரணும்னு ஒரு போர்டு வைக்கலியே?"

"அது இன்னிக்கு டாபிக் இல்ல ஆன்ட்டி."

"எனக்கு அதான் டாபிக்."

மேசையில் கிடந்த வெள்ளைத்தாளை இழுத்து, 'பெரிய சொத்துக்காரங்க கூடுதலா வரி கட்டட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். தன் மூன்று புள்ளிகளையும் அதிலேயே ஒட்டினார். ஆம்ப்ரோசுக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அறிக்கையில் சேர்ப்பதற்காகக் கிளாரிசா பலகைகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு வந்தார். நான்காவதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கடுத்த வெற்றுச் சுவரில், ஒட்ட டேப் கிடைக்காமல், அல்போன்சம்மாள் தன் தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. கைய எடுங்க."

அல்போன்சம்மாள் மறு கையையும் தூக்கித் தாளின் மேல் வைத்தார்.