தாமல் ஏரிக்கரையில் சுமதிக்கு ஒரு நிழல்

போன சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் மனைவி ஏரிக்கரையில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டரை வருடமாக அவள் பகலில் வெளியே உட்கார்ந்ததே இல்லை.

சுமதிக்கு லூபஸ் என்கிற நோய். வெயில் பட்டால் இரண்டு நாளில் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும், காய்ச்சல் வரும். கடைக்கோ கோயிலுக்கோ போவதென்றால் சூரியன் இறங்க வேண்டும்.

ஏனாத்தூர் கல்லூரியில் அவளோடு படித்த மூன்று தோழிகள் வருடா வருடம் குடும்பத்தோடு தாமலில் டென்ட் போட்டுத் தங்குவார்கள். ஏரியை ஒட்டி அவர்களில் ஒருத்தியான ரேவதியின் நிலம் இருக்கிறது. இந்த முறையும் வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தது. சுமதி ‘வரேன்’ என்று டைப் செய்தாள். பிறகு அழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டோம். நேர் வெயில் படாமல், முழுக்கை உடையோடு, நல்ல நிழலில் இருந்தால் போகலாம் என்றார்.

அந்த ‘நல்ல நிழல்’ எது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் ஆன்லைனில் ஒரு டென்ட் வாங்கினேன். பையிலிருந்து எடுத்து வீசினால் தானாக விரியும். ஒரு நொடியில் விரிந்தது. மடிக்க ஒரு சாயங்காலமும் இரண்டு வீடியோவும் தேவைப்பட்டன. (கடைசியில் மடித்தது சுமதி.) மறுநாள் மொட்டை மாடியில் விரித்து உள்ளே படுத்துப் பார்த்தேன். துணி வழியாகச் சூரியன் வட்டமாகத் தெரிந்தது. உள்ளே இட்லிப் பானை மாதிரி வெந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தார்ப்பாய்க் கடை. சுமதியும் வந்தாள், இருட்டிய பிறகு. கடைக்காரர் நாலு கால் வைத்த பெரிய பந்தல் ஒன்றைக் காட்டினார். பத்துப் பேர் உட்காரலாம் என்றார். சுமதி செல்போன் டார்ச்சைப் போட்டுத் துணிக்குப் பின்னால் பிடித்தாள். வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்தது. வேறு காட்டச் சொன்னாள். ஐந்தாவது துணி, உள்பக்கம் கறுப்புப் பூச்சு. டார்ச் தெரியவே இல்லை.

நான் பர்ஸை எடுத்தேன். சுமதி தடுத்தாள்.

“இருங்க. மேல சரி. சைடுக்கு இன்னா பண்றது? தண்ணி மேல பட்டு வர்ற வெளிச்சம் கீழேருந்து அடிக்குமே.”

எனக்கு அது தோன்றவே இல்லை. கடைக்காரரும் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளேயிருந்து வேறு மாடல் கொண்டுவந்தார். அதே துணிக் கூரை, நாலு பக்கமும் ஜிப் வைத்த வலை. அதோடு சுருட்டி ஏற்றி இறக்கும் துணித் தடுப்பு இரண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். காற்று வரும், கொசு வராது. அதையே வாங்கினோம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே தாமல் போய்விட்டோம். மண்ணில் பந்தல் ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. காலை வெயிலும் தண்ணீரில் பட்டு வரும் வெளிச்சமும் கிழக்கிலிருந்துதான் என்பதால் ஏரிப் பக்கம் ஒரு தடுப்பை இறக்கிக் கட்டினேன்.

பதினொரு மணிக்கு டீ. பன்னிரண்டு மணிக்குத் தோழிகள் எல்லோரும் உள்ளே. ஆண்கள் நாங்கள் வேப்பமரத்தடியில் வெந்துகொண்டிருந்தோம். உள்ளே சுமதி சிரிப்பது வெளியே கேட்டது.

மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து கடல் காற்று வந்தது.

ஏரிப் பக்கத் தடுப்பு பாய்மரம் மாதிரி உப்பியது. இரண்டு ஆணி பிடுங்கிக்கொண்டது. ஓடிப்போய் ஒரு காலைப் பிடித்தேன். கூரை சாய்ந்து, மேற்கு வெயில் நேராகச் சுமதியின் மடியில் விழுந்தது. அவள் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு குனிந்தாள். ரேவதி ஜமக்காளத்தை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள்.

கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அரிவாளைப் போட்டுவிட்டு வந்து இன்னொரு காலைப் பிடித்தார்.

“ஈர மண்ணு சார் இது. ஆணி சுலபமா எறங்கும், அதே மாதிரி வந்துடும். ரேவதிம்மா, உங்க மோட்டார் கொட்டாய்ல காலி யூரியா சாக்கு இருக்குது பாரு, எடுத்தா.”

நாலு சாக்கிலும் மண்ணை நிரப்பி நாலு காலோடும் கட்டினோம். வெயில் மேற்கே போயிருந்ததால், ஏரிப் பக்கத் தடுப்பைச் சுருட்டச் சொன்னார்.

“காத்து வர்ற பக்கம் வலையா இருக்கட்டும். பூந்து போய்க்கினே இருக்கும்.”

அவர் பெயர் எல்லம்மா. அதற்குப் பிறகு அந்தப் பந்தல் அசையவில்லை.

ஆனால் ஐந்து நிமிடம் வெயில் பட்டுவிட்டது. கிளம்பிவிடலாமா என்று சுமதியிடம் கேட்டேன்.

“பட்டது பட்டாச்சு. வீட்டுக்குப் போனா மட்டும் இல்லேன்னு ஆயிடுமா? உக்காருங்க.”

இரவு தங்கி ஞாயிறு விடியற்காலையில்தான் திரும்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. காபி வாங்கும்போது விரலைப் பார்ப்பேன். சாப்பாடு போடும்போது பார்ப்பேன். நேற்று அவளே சொன்னாள்.

“எப்பப் பாரு என் கையவே பாத்துக்கினு இருக்கீங்க. வாயத் தொறந்து கேளுங்களேன்.”

“வலிக்குதா?”

“இல்லீங்க. நெஜமா இல்ல.”

திரும்பி வந்ததும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவும் இன்று காலை வந்தது. போன மாதம் போலவே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

வேலைக்குக் கிளம்பி பைக்கை வெளியே எடுத்தேன். தெருமுனை வந்ததும் எதிர்வீட்டுக்காரர் நிறுத்தி, பெட்ரோல் இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவ்வளவு தூரம் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

வெயில் ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நீங்கள் வெளியே போகும்போது நிழலுக்கு என்ன செய்கிறீர்கள்?