ஒடெத் போட்ட ஐஸ்

2020 டிசம்பரில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்திலிருந்து எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு தாள் போனது. நாளுக்கு ஒரு கட்டம் போட்டு, மேலே ‘இன்று எனக்குக் கிடைத்த சின்னச் சந்தோஷம்’ என்று அச்சடித்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷ வசந்தத்தில் மட்டும் என் மாடியில் ஒன்பது பேரைத் தொற்றுக்குப் பறிகொடுத்திருந்தேன். முகக்கவச நாடா காதுக்குப் பின்னால் அறுத்து அறுத்துப் புண்ணாகியிருந்தது. ரேடியோவைத் திருப்பினாலும் இதே பேச்சுதான். சூப் வையுங்கள், மெழுகுவத்தி ஏற்றுங்கள், சின்ன விஷயங்களில் மகிழுங்கள். சொல்கிற மகராசர்கள் ஒரு நாள் வந்து என்னோடு படுக்கை விரிப்பு மாற்றிப் பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளை உண்மையாகவே நிரப்பிய ஒரே ஆள் ஒடெத்.

ஒடெத்துக்கு அப்போது எழுபத்தாறு வயது. எங்கள் ஊரான ஷவினிகனில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆள் குள்ளம், பிடிவாதம் நெட்டை. அவள் கணவர் அர்மான் என் பொறுப்பில், முதல் மாடியில் இருந்தார். முப்பத்தோரு குளிர்காலம் நகரசபைக்காகப் பூங்காவில் தண்ணீரை உறையவைத்து, சறுக்குவதற்கு ஐஸ் போட்டவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட ஐஸில் விழுந்து எழுந்துதான் சறுக்கப் பழகினார்கள். நானும்தான், முன்பல் ஒன்றை அங்கேதான் விட்டேன்.

இப்போது அவருக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. நவம்பரில் பார்வையாளர்களை நிறுத்தியதிலிருந்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திருப்பினால் அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திருப்புவார். பேச்சு நின்றது. பிறகு சாப்பாடும் நின்றது. ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். பிறகு குடும்பத்துக்கு ஒருவரை மட்டும் உள்ளே விட்டோம். ஒடெத்துக்கு நுரையீரல் கோளாறு. தொற்று வந்தால் தாங்கமாட்டாள், வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அவளுடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் தினமும் மூன்று மணிக்குப் பின்முற்றத்துப் பனியில் வந்து நிற்பாள். மேலே பார்த்துக் கையாட்டுவாள். ஜன்னலில் அவளுக்குத் தெரிந்தது அவருடைய பின்மண்டை மட்டும்தான். அதற்கும் கையாட்டினாள்.

வெள்ளிக்கிழமைகளில் தாளைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவாள். நான் அர்மானுக்கு வாசித்துக் காட்டுவேன். ‘கிளமென்டைன் ஆரஞ்சுத் தோலை ஹீட்டர் மேல் வைத்தேன். வீடெல்லாம் வாசனை.’ ‘பக்கத்து வீட்டு நாய் என் கையுறையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. துரத்தினேன். துரத்தி எத்தனை வருஷமாயிற்று!’ ‘அர்மானுக்கு முடி வெட்டியிருக்கிறார்கள். பின்னாலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறார்.’ இதை இரண்டு தடவை வாசித்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் டாக்டர் சொன்னதை நான்தான் தொலைபேசியில் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

“மதாம், இப்படியே சாப்பிடாம இருந்தா... மார்ச் வரைக்கும் தாங்க மாட்டாருங்கறாங்க.”

“மனோன், உங்க துணி துவைக்கிற ரூம்ல நீளமா ஒரு ஹோஸ் இருக்கே, அதை நாளைக்கு ஜன்னல் வழியா வெளிய விடு” என்றாள்.

“எதுக்கு? ஜனவரியில தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறீங்களா?”

“நக்கல் பண்ணாத. ஐஸ் போடப் போறேன்.”

“போடத் தெரியுமா உங்களுக்கு?”

“முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் அதையே பேசிக் காதை அறுத்திருக்காரு. தெரியாமலா இருக்கும்?”

தெரியவில்லை. மறுநாள் குளிர் மைனஸ் இருபத்திரண்டு. முழங்கால் அளவு புதுப் பனி. நான் மேலதிகாரியிடம் ஏதோ சொல்லிச் சமாளித்து ஹோஸை வெளியே விட்டேன். அவள் அதைத் தூக்கிப் பிடித்து, பொலபொலவென்று கிடந்த பனியின் மேல் குளம் கட்டுகிற மாதிரி தண்ணீரை ஊற்றினாள். எங்கள் ஊரில் பத்து வயசுப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. முதலில் பனியை மிதித்து மிதித்து அமுக்க வேண்டும். அப்புறம் மெல்லிசாகத் தெளித்து, உறைந்தபின் இன்னொரு பூச்சு. ஒரேயடியாக ஊற்றினால் மேலே ஓடு மாதிரி உறையும், அடியில் வெற்றிடம் நிற்கும்.

அந்த நேரத்தில் நான் விரிப்பு மாற்றுவதற்காக அர்மானின் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தேன். கீழே ஒடெத் தன் ஐஸின் மேல் பெருமையாக ஒரு கால் வைத்தாள். ஓடு உடைந்து முழங்கால் வரை உள்ளே போனாள்.

டக் டக் டக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். அர்மான் முஷ்டியால் ஜன்னல் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“யாரு அது? எந்த முட்டாள் வேலைக்கு எடுத்தான் அதை? மிதிக்காம ஊத்துது பாரு! மிதிக்கச் சொல்லு!”

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. உடனே ஒடெத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டேன்.

“ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அது என்ன மாட்டுக்குத் தண்ணி காட்டுறியா? மிதி! முதல்ல மிதி!”

கீழே ஒடெத் ஒரு கால் பனிக்குள்ளேயே இருக்க, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. “சரிங்க மொசியு, மிதிக்கிறேன்” என்றாள், முன்பின் தெரியாத ஐயா ஒருவரிடம் பேசுவதுபோல.

அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நகரசபை புதிதாக எடுத்த ஒரு உதவாக்கரை என்று நினைத்துக்கொண்டார். அது போதும் என்றாள் ஒடெத். அந்த வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதியிருந்தாள்: ‘அர்மானிடம் திட்டு வாங்கினேன். மூன்று தடவை.’

அதற்குப் பிறகு மதியம் ஆனால் அர்மானுக்கு இருப்புக்கொள்ளாது. தொப்பியைக் கேட்பார். “சூப்பைக் குடிச்சாத்தான் வேலைக்கு விடுவேன்” என்பேன். குடித்தார். வாரக் கடைசியில் ரொட்டியும் கேட்டார். மூன்று மணிக்கு நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் கிடப்பில் கிடக்கும். கிடக்கட்டும் என்று விட்டேன்.

“ஒரே எடத்துல நிக்காத, ஓட்டை விழும்.”

“நகர்றேன் மொசியு.”

“கையை வீசு. தெளிக்கணும், ஊத்தக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?”

“நேத்து சொன்னதோட நாப்பது.”

“வாய் மட்டும் நல்லா நீளுது.”

தண்ணீர் உறைய இடைவெளி விட வேண்டும். அந்த நேரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடிப்பாள், ஒரு கிளமென்டைன் உரிப்பாள். நான் அதே நேரத்துக்கு அர்மானுக்கும் ஒன்று உரித்துக் கொடுப்பேன். இருவரும் ஒரே நேரத்தில் சுளை சுளையாகத் தின்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தாள் அனுப்பியவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எட்டு மணி ஊரடங்குக்குள் வீட்டுக்கு ஓடுகிறபோது மூன்று மணியையே நினைத்துக்கொண்டு போவேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் முற்றத்துக்கு இறங்கிப் போய் ஒடெத்திடம் கேட்டேன். “இவ்வளவு வருஷத்துல ஒரு தடவைகூடவா அவர் வேலை செய்றதப் பாக்கல?”

“அந்த ஐஸ் எனக்குச் சக்களத்தி மனோன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லா வீட்லயும் புருஷன் வான்கோழி வெட்டுவான். இவரு ஹோஸைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. வாடி, ஒரு தடவை வந்து பாருடின்னு கூப்பிடுவாரு. போக மாட்டேன். வீம்பு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வீம்பு பிடிச்ச கழுதை நான்.”

பிப்ரவரி முடிவதற்குள் முற்றத்தில் உண்மையான ஐஸ் கிடந்தது. கடைசிப் பூச்சு வெந்நீரில் போட வேண்டுமாம், அப்போதுதான் மேடுபள்ளமெல்லாம் கரைந்து வழவழப்பாகும். அவர் சொல்லச் சொல்ல, ஆவி பறக்க அதையும் போட்டாள். மார்ச்சும் வந்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, இரண்டு கிலோ ஏறியிருக்கிறார் என்றார்.

மார்ச் இரண்டாம் வாரம் வெயில் ஏறியது. ஐஸின் ஓரங்களில் தண்ணீர் கட்டியது. இனிமேல் பூச்சு நிற்காது. ஒடெத் சும்மா வந்து, ஹோஸ் இல்லாமல் நின்றாள். அர்மான் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு” என்றார் தொலைபேசியில். “தேறிட்ட.”

“நன்றி மொசியு.”

“உன் பேரு என்னம்மா?”

“ஒடெத்.”

“என் பொண்டாட்டி பேரும் அதுதான்.” அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஐஸ் கரையறதுக்குள்ள அவ வந்தா காட்டு. முப்பத்தோரு வருஷம் கூப்பிட்டேன். ஒரு நாளும் வரல.”

கீழே ஒடெத் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள்தான் உங்கள் ஒடெத் என்று நான் சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“காட்டறேன் மொசியு” என்றாள் அவள்.

பிறகு மெல்ல மெல்ல, வழுக்காமல் அடி வைத்து ஐஸின் நடுவுக்குப் போனாள். நின்றாள். ஒரு முறை சுற்றிலும் பார்த்தாள். மேலே ஜன்னலைப் பார்த்தாள். அர்மான் கையாட்டினார்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. அந்த நாளின் கட்டத்தில் ஒரே வரி: ‘ஐஸ் பார்க்கப் போனேன்.’