அக்காவின் இடது புருவம்

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்காவிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

"ஏண்டி, கொடைய என் மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினு நிக்கிற? ஏரி மறைக்குதில்ல?"

குரலில் கொஞ்சம் கரகரப்பு. வார்த்தைக்கு நடுவே லேசாக இளைப்பு. ஆனாலும் திட்டு திட்டுதான். குடையை மடக்கிக்கொண்டு அசடு வழியச் சிரித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தங்கச்சி பழவேற்காடு வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா பெயர் கன்னியம்மா. அவளும் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவும் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தினாற்போல நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பறி — பனையோலையில் முடைந்த பை. கைகள் சேற்றில் இருக்கும்போது பறியை யார் பிடித்துக்கொள்வது? பல்தான். அதன் கயிற்றைக் கடித்தபடியே பாதி நாள் போகும்.

கையும் வேலையில், வாயும் வேலையில். அப்புறம் பேச்சு எப்படி? கண்ணும் புருவமும்தான். இந்தப் பக்கம் வா, அங்கே பள்ளம், போதும் கரைக்குப் போகலாம்... எல்லாவற்றுக்கும் முகத்தில் ஓர் அசைவு உண்டு. நானும் இறால் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடம், காலேஜ், பொன்னேரியில் வேலை என்று சின்ன வயதிலேயே கரையேறிவிட்டேன். அவர்கள் இருவரும் தண்ணீருக்குள் பேசிக்கொள்வது எனக்கு அரைகுறையாகத்தான் புரியும்.

போன வருஷம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்ட கையோடு கால் மரத்துப்போனது. பிறகு இடுப்பு. பிறகு கை. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சு விடவே திணறினாள். நரம்பைத் தாக்கும் நோய் என்றார் டாக்டர். பெயரும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"திரும்பி வருவாங்கம்மா. ஆனா மெதுவாத்தான் வருவாங்க. அதுவரைக்கும் மூச்ச மெஷின் பாத்துக்கும்."

மூச்சு விடுவதைப் பற்றி நீங்கள் என்றைக்காவது யோசித்ததுண்டா? நான் யோசித்ததில்லை. ஐ.சி.யு. கதவுக்கு வெளியே உட்கார்ந்த பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. உள்ளே ஒரு மெஷின் என் அக்காவின் நெஞ்சைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றியது.

வாய் வழியாகக் குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, கழுத்தில் ஒரு சின்னத் துளை போட்டு அங்கே குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"கழுத்துல ஓட்ட போட்டா ஏரில எப்டி சார் எறங்குவா? தண்ணி உள்ள பூந்துடாது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷனுக்கு ஏரிக் கவலையா? டாக்டர் கோபப்படவில்லை. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"குழாய எடுத்துட்டா துளை மூடிக்கும். மூடற வரைக்கும்தான் தண்ணி ஆகாது. அப்புறம் தாராளமா எறங்கட்டும்."

"அப்ப... மறுபடி எறங்குவாளா சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா பழைய அக்காவாக வீடு திரும்புவாளா என்று கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். எறங்குவாங்க என்று டாக்டர் சொன்ன பிறகே சம்மதித்தார்.

கழுத்தில் குழாய் வந்தது. வாய் விடுதலையானது, ஆனால் குரல் வரவில்லை. காற்று கழுத்தோடு போய்விடுகிறது, குரல்வளைக்கு வருவதில்லை. கை விரல் அசையாது, தலை அசையாது. 'ஆமான்னா கண்ண மூடித் தெறங்கம்மா' என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். நன்றாகத்தான் போனது. ஆனால் நாம் கேட்டால்தானே அவள் பதில் சொல்ல முடியும்? அவளாக ஒன்றைச் சொல்ல நினைத்தால்?

ஒருநாள் பார்வை நேரத்தில் நான் முதலில் உள்ளே போனேன். அக்காவின் இடது புருவம் மட்டும் மேலே போனது, இறங்கியது. மறுபடி போனது.

"காலைலேர்ந்து அப்பப்ப இப்படித்தான்" என்றார் சிஸ்டர். "நரம்பு திரும்பற அறிகுறியா இருக்கலாம், டாக்டர் வந்ததும் காட்டறேன்." எனக்கும் அது வெறும் துடிப்பாகத்தான் பட்டது. நல்ல சேதி என்று, அப்போதுதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்த மாமாவையும் உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

மாமா கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே ஒரு பார்வை.

"பறி நெறஞ்சிடுச்சின்றா."

"இன்னா மாமா சொல்றீங்க?"

"பறி நெறஞ்சிடுச்சி, வந்து வாங்கிக்கன்றா. எறால் நெறஞ்சா இப்டித்தான்மா என்ன கூப்டுவா."

சிஸ்டர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு, கழுத்துத் துளைக்குள் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினார். சளி வந்தது. கெட்டியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. எல்லாம் எடுத்து முடித்ததும் அக்காவின் புருவம் அடங்கியது.

"மெஷின் கத்தறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார் சிஸ்டர். அப்புறம் மாமாவிடம் கேட்டார், "ஐயா, வேற என்னல்லாம் சொல்வாங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது. அத்தனை குழாய்க்கும் ஒயருக்கும் அடியில் என் அக்கா முழுசாக இருந்தாள்! மூச்சுப் போகும் வழி நிறைகிறது, சொல்ல நாக்கு உதவாது, கை உதவாது... கைவசம் இருந்த ஒரே ஒரு சொல்லை எடுத்து, புரிந்துகொள்ளும் ஆள் வரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த ஆளும் பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று பிடித்து வந்து சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஐ.சி.யு.வில் ஏரிப் பேச்சு பரவிவிட்டது. டியூட்டி முடிந்து போகும் சிஸ்டர், அடுத்து வரும் சிஸ்டரிடம், "கன்னியம்மா இடது புருவம் தூக்கினா சக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுப் போவதை என் காதாலேயே கேட்டேன்.

விரல் அசைந்தது. தோள் அசைந்தது. மெஷினை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒருநாள் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். பிறகு கழுத்துக் குழாயின் வாயைச் சின்ன மூடியால் அடைத்து, "இப்ப பேசுங்க பார்ப்போம்" என்றார்கள். சாமி பெயரைச் சொல்வாள், இல்லை அழுவாள் என்று காத்திருந்தோம்.

"பறிய... வெயில்ல... போட்டியா?"

ஈரத்தோடு விட்டால் ஓலை மக்கிவிடும் என்ற கவலை அவளுக்கு. மாமா புருவத்தை மட்டும் உயர்த்தினார். போட்டுவிட்டாராம்.

இப்போது துளை முழுசாக மூடிவிட்டது. பொட்டளவுக்கு ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஏரியில் இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அக்காதான் இறங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது என்றாள். யாராவது கை கொடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டாள். மாமா வற்புறுத்தவே இல்லை. தினமும் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்துவிட்டுத் தனியாக இறங்கினார்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நான் குடையோடு நின்று திட்டு வாங்கினேன். குடையை மடக்கிய கொஞ்ச நேரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து மாமா எங்கள் பக்கம் திரும்பினார். பல்லில் பறி. இடது புருவம் மேலே போனது, இறங்கியது. மறுபடி போனது.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ குந்துடி. உன்னியா கூப்ட்டாரு?"

நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி அக்கா எழுந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதற்கும் திட்டு விழுந்திருக்கும். நடந்தாள். தண்ணீர் ஓரத்தில் ஒருமுறை நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். நானும் சேர்ந்து இழுத்தேன். கணுக்கால் நனைந்தது, முட்டி நனைந்தது. மாமா அவள் எதிரே நகர்ந்து வந்து முகத்தை நிமிர்த்தினார். அவர் பல்லிலிருந்து பறியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பழக்கமில்லையே! எனக்குத்தான் கரையில் நின்று அழுகை அழுகையாக வந்தது.

அக்கா திரும்பி வந்து பறியை என் கையில் கொடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் நாலைந்து இறால்தான் துள்ளிக்கொண்டிருந்தன.

புருவத்தாலும் பொய் சொல்லலாம் போலிருக்கிறது.