காலில் கட்டிய சிவப்புத் துணி

ஜூன் பதினொன்று, காலை ஏழு மணி பத்து நிமிடம், தூறல். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய விடைக்கோழியை, இன்னும் முட்டையிடாத இளசை, மருமகள் எங்கள் ஆறு கோழிகளுக்கு நடுவே விட்டாள். ஆறும் ஒரே நேரத்தில் கொக்கரிப்பை நிறுத்தின. அந்த அமைதி எனக்குத் தெரிந்ததுதான்.

அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. புதுக்கோழி வந்தால் அம்மா அதைக் கூடையால் மூடி, மற்றவை பார்த்துப் பழகட்டும் என்று ஏழு நாள் முற்றத்தில் வைப்பாள். ஏழாம் நாள் நானே கூடையைத் தூக்கினேன். வீட்டுக்கு வரும் மணப்பெண் மாதிரி இருக்கட்டும் என்று அதன் தலையில் குங்குமம் வைத்துவிட்டேன். அப்போது வீட்டிலிருந்த ஒன்பது கோழிகளும் சத்தமின்றித் திரும்பின. முதல் கொத்து பொட்டின் மேல் விழுந்தது, அடுத்தது ரத்தத்தின் மேல். அம்மா ஓடி வருவதற்குள் பதினேழு கொத்து எண்ணியிருந்தேன். விரட்டத் தோன்றவில்லை.

“யாருலே அதுக்குப் பொட்டு வச்சது? செவப்பக் கண்டா விடுமாலே?” என்றாள் அம்மா. அந்திக்குள் அது செத்துப்போனது.

இன்று இதன் காலில் கடைக்காரன் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

“அத அவுத்துரும்மா.”

“மாமா வெறுதே பேடிக்கிறீங்க. எல்லாம் மிண்டாமதானே நிக்குது?” என்று மருமகள் தன் மலையாளம் கலந்த தமிழில், நான் வீணாகப் பயப்படுவதாகவும் அவை சத்தமில்லாமல்தானே நிற்கின்றன என்றும் சொல்லிச் சிரித்தாள்.

கத்தரிக்கோலோடு நான் திரும்பியபோது ஆறு முதுகுகள்தான் வட்டமாகத் தெரிந்தன. இம்முறை எண்ணவில்லை. நடுவே கையை நுழைத்து அதை வெளியே இழுத்தேன். உயிர் இருந்தது, துணி கட்டிய காலில் ஒரு விரல் இல்லை.

இப்போது அது புதுக்கூடைக்குள் இருக்கிறது. ஆறும் கூடையைச் சுற்றிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. கோழி, மருந்து, கூடை எல்லாம் சேர்த்து இதுவரை எழுநூற்று நாற்பது ரூபாய்.