கருவி சொன்ன நூற்று அறுபது

நாடி பார்க்கும் கைக்கருவியை எழுதாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்பது அதன் கையேட்டில் உள்ள முதல் விதி. அந்தக் கையேட்டை முழுக்கப் படித்தவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு விதியைப் படிக்காமல் எதையும் தொட வராது.

போன வருடம் ஆடி மாதம், கச்சிராயபாளையத்தில் நடந்தது இது. கருவியை வாங்கி அனுப்பியவள் சென்னையில் இருக்கும் என் மகள். நான் கோமுகி அணைக்கரையில் நடந்தால் என் நாடித்துடிப்பு அவள் போனில் தெரியும். நான் இடது கையால் எழுதுகிறவன். ஆகவே விதிப்படி வலது கையில் கட்டினேன். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கயிறு கட்டியதும் அதே கையில்தான். திருவிழா முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது, வெளியூரில் இரவு தங்கவும் கூடாது. அவையும் விதிகளே.

காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து கருவி நூற்று அறுபது, நூற்று எழுபது என்று காட்டியது. மகள் போன் செய்தாள்.

"தனியா இருந்தது போதும்பா. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கினு வரேன். வூட்டப் பூட்டிட்டு இங்கயே வந்துடுங்க."

"வெரல வெச்சி எண்ணிப் பாத்துட்டேம்மா. எண்பத்திரண்டுதான்."

"நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க."

மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த வட்டாரத்துத் தலைகளை எண்ணியவனிடம் சொன்ன வார்த்தை இது. கருவி பழுது என்று அன்றே நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன், இணைப்புகளோடு. பிறகு இரண்டு நினைவூட்டல்கள். பதில் இல்லை.

சனிக்கிழமை காலை கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினேன். கீழேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் இதயம் சரியில்லை என்று முடிவு கட்டப்பட்ட ஆள் மலை மேல் போய்த்தான் அதை மறுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வெள்ளிமலையில் இறங்கி, மேட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன்.

அங்கிருந்த நர்ஸம்மா ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். என் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். எண்பத்து நாலு. கருவியில் நூற்று ஐம்பத்தெட்டு. என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், காப்புக் கயித்து மேல கட்டிக்கினு இருக்கீங்க? அடியில எரியற வெளிச்சம் தோல்ல பட்டாத்தான இதுக்கு நாடி தெரியும்? கயித்துக்கு ஏது நாடி?"

அவரே கழற்றி இடது கையில் கட்டினார்.

"எழுதற கையில கட்டக் கூடாதுன்னு கையேட்டுல போட்டிருக்கும்மா" என்றேன்.

"எழுதறப்ப கழட்டி வைங்க சார். இன்னும் இன்னா எழுதப் போறீங்க?"

எண்பத்து மூன்று காட்டியது. வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன். கட்டியதில் தப்பு என்னுடையது, எண்ணியதில் இல்லை என்றேன். "சரிப்பா, நான் வரல" என்றாள். திருவிழாவுக்கு வா, அழைத்துப்போக வராதே என்று சொல்லிவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

விதிகளை அப்படியே பின்பற்றியும் முட்டாளாகலாம் என்று அன்று தெரிந்தது. ஆனால் நான் எங்கே வாழ வேண்டும் என்பதை என்னிடம்தான் கேட்க வேண்டும், என் மணிக்கட்டிடம் அல்ல என்பதில் இன்றும் மாற்றமில்லை. கருவிக்கும் தோலுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது என்று நிறுவனத்திலிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது, தீபாவளியன்று.