பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

துர்கா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

மின்தூக்கிக்குள் நின்றுகொண்டு, அவளுடைய அப்பாவின் முகத்தைப் பார்த்து, குரல் பிசிறாமல் சொன்னேன். அந்த ஒரு பொய்யை நம்பித்தான் ஒரு தகப்பன் தன் மகளோடு பேசுவதை நிறுத்தினார். இதை நான் ஒருத்தியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட... பாதிதான்.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்களுக்கும் நான் தீங்கு செய்திருக்கலாம்! எப்படி என்று கேட்பீர்கள். பொறுங்கள், வருகிறேன்.

என் பெயர் மாலதி. பங்சாரில் ஒரு நிறுவனத்தில் வேலை. மற்றவர்களின் வலைத்தளங்களைத் திருடர்களிடமிருந்து காப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு தளத்தின் முன்னாலும் ஃபயர்வால் என்றொரு காவல் நிற்கும். நீங்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அது அந்தக் காவலைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். எதை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. முன்பு அந்த விதிகளை நாங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதுவோம்.

அந்த வேலையைத்தான் நான் தானியங்கி ஆக்கினேன். கிளவுடில் ஓடும் ஒரு நிரல். வருகிற தாக்குதல்களைப் படிக்கும். அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்கும். தானே ஒரு விதியை எழுதித் தானே காவலில் பொருத்திவிடும். மனிதக் கை படாது! இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு எத்தனை மோகம் இருந்தது தெரியுமா?

புதிதாகப் பிறக்கும் விதியைச் சில நாள் வெறுமனே வேடிக்கை பார்க்க விட வேண்டும். யாரையும் தடுக்காமல், யாரையெல்லாம் தடுத்திருக்கும் என்று எண்ண மட்டும் விட வேண்டும். இத்துறைக்கு நேற்று வந்தவருக்கும் இது தெரியும். அந்தப் படியை நான் எடுத்துவிட்டேன். அது இருந்தால் என் நிரல் மெதுவானதாகத் தெரியும். எனக்கு வேகம் வேண்டும்... மேலாளர்கள் கூடும் அறையில் திரையில் காட்டுவதற்கு.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தாதியர் கல்லூரியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, படிப்பும் விடுதியும் இலவசமாக, சில இடங்களுக்கு இணையம் வழியாக மட்டுமே விண்ணப்பம் வாங்குவார்கள்.

துர்கா கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு தளம் கீழே உள்ள வீட்டுப் பெண். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்திருந்தாள். தாதியாக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அம்மா இல்லை. அப்பா முனியாண்டி அங்கிள் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். மகளை வெளியூருக்கு அனுப்ப அவருக்குப் பயம். நான்தான் போய்ப் பேசினேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

“சரிம்மா, நீ சொல்றே. எடம் கெடைச்சா போகட்டும். கெடைக்கலன்னா அவ சித்திகூட கடைக்குப் போயிடணும். இடையில வேற கதை சொல்லக்கூடாது.”

அவள் வீட்டுக்குள் ஒரு கதவைத் திறந்துவிட்ட பெருமிதத்தோடு படியேறி வந்தேன்.

விண்ணப்பம் திறந்த வாரத்தில் கைப்பேசியும் கையுமாக அவள் வந்து நின்றாள்.

“அக்கா, அனுப்பவே மாட்டேங்குது. ‘உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது’ன்னே வருது. காலேஜுக்கு ஃபோன் போட்டேன். எங்க சைட் ஓகேதான், மத்தவங்க எல்லாம் அனுப்புறாங்க, ட்ரை அகெய்ன்னு சொல்றாங்க.”

நான் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ரொட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவள் நீட்டிய கைப்பேசியை வாங்கிப் பார்க்கவில்லை.

“உன் லைன் ஸ்லோலா. திரும்பத் திரும்ப அழுத்திப் பாரு, போயிடும். அந்த வெப்சைட்டுக்குப் பாதுகாப்பே நான்தான் பாக்குறேன். அதுல ஒன்னும் கோளாறு இருக்காது.”

அவள் முகம் தெளிந்து போனாள். என் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தினாள். இதில் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்து மோதுகிறவரை என் நிரல் பெரிய திருடராகக் கருதும்; அவருக்கு அந்தத் தளத்தையே பூட்டிவிடும். அவளுடைய விடாமுயற்சியையே நான் குற்றமாக்கி வைத்திருந்தேன்!

கடைசி நாள் கடந்தது. விண்ணப்பம் போகவில்லை.

அடுத்த வாரம் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைக்காக உட்கார்ந்தேன். எந்த விதி அதிகமாகத் தடுத்திருக்கிறது என்று பார்த்தேன். ஒரு விதி மற்றவற்றையெல்லாம் விஞ்சி நின்றது. மகிழ்ச்சியாக இருந்தது... ஆம், மகிழ்ச்சிதான்! தடுக்கப்பட்டவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்தேன்.

எல்லாம் பெயர்கள்.

சரவணன் ஏ/எல் கோவிந்தசாமி. பரமேஸ்வரி ஏ/பி இராமையா. துர்கா ஏ/பி முனியாண்டி. மீண்டும் துர்கா ஏ/பி முனியாண்டி. மீண்டும்... மீண்டும்...

இந்த நாட்டில் நம்மவர் பெயர் எப்படி எழுதப்படும் என்று உங்களுக்குத் தெரியும். மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு. திருடர்களும் சாய்கோட்டைப் பயன்படுத்துவார்கள். அதை வைத்துக் கணினியின் உள்ளறைகளுக்குப் பாதை தேடுவார்கள். விண்ணப்பம் திறப்பதற்குச் சில நாள் முன்பு யாரோ அப்படிப் பெயர்க் கட்டத்துக்குள் சாய்கோடுகளைத் திணித்துப் பார்த்திருக்கிறார்கள். என் நிரல் பாடம் கற்றுக்கொண்டது. பெயரில் சாய்கோடு வந்தால் திருட்டு! மலாய்க்கார அகமதுவுக்கும் சீனர் வோங்குக்கும் வாசல் திறந்தே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் மூடியிருந்தது.

நான் சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தேன். விண்ணப்பம் திறந்த அன்று மலாய்ப் பெயர்களும் சீனப் பெயர்களும் இட்டுப் பார்த்தேன். என் சொந்தப் பெயரையும் இட்டேன். ஆனால், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே என் பெயரிலிருந்து அந்த ஏ/பி-யை நான் நீக்கிவிட்டேன். மின்னஞ்சலில் அசிங்கமாக இருக்கிறதாம்! அப்பாவின் பெயரை ஒட்டவைத்துவிட்டு நடுவிலிருந்ததை எடுத்துப் போட்டேன். என் பெயர் சுலபமாக உள்ளே போயிற்று.

இதுவரை நடந்தது பிழை. பிழையை யாரும் செய்யலாம். இனிமேல் நடந்தது வேறு.

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. கல்லூரியில் நேர்முகத் தேர்வே தொடங்கவில்லை. “எங்கள் தவறு, இத்தனை பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், இன்னும் சில நாள் வாசலைத் திறந்து வையுங்கள்” என்று ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தொலைபேசி என் கைக்கருகில்தான் இருந்தது.

என் மேலாளர் கெல்வின் பின்னால் வந்து நின்றார். திரையில் அந்த விதி தடுத்தவற்றின் எண்ணிக்கையைப் பார்த்துச் சீழ்க்கையடித்தார்.

“வாவ்... சூப்பர்லா, மாலதி! இதெல்லாம் ரியல் அட்டாக்தானே? கிளையண்ட் கேட்பாங்க.”

நான் பெயர்கள் இருந்த பக்கத்தை மூடினேன்.

“யெஸ் பாஸ். ரியல்தான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? குழுத்தலைவர் பதவி எனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததே, அந்த ஆசையா? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லும்போது எந்தக் காரணமும் என் மனத்தில் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. வாய் முந்திக்கொண்டது. பிறகு நான் அந்த வாயின் பின்னாலேயே நடந்தேன்.

அன்று மாலையே விதியைத் திருத்தினேன். மாற்றக் குறிப்பில் ‘சிறு சீரமைப்பு’ என்று எழுதினேன். சிறு சீரமைப்பு!

இரண்டொரு நாளில் முனியாண்டி அங்கிள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போயிருக்கிறார். மகள் சொன்னதை நம்பித்தான் போயிருக்கிறார், அதை மறந்துவிடாதீர்கள். முகப்பில் இருந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை, முயன்றதற்கான தடயம்கூட இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருக்கும்? வாசலுக்கு வெளியே தடுக்கப்பட்டதற்கு உள்ளே ஏது தடயம்?

திரும்பி வந்தவர் என்னை மின்தூக்கியில் பார்த்தார். நாங்கள் இருவர்தான். வெயிலில் அலைந்த முகம். சட்டைப்பையில் துர்காவின் தேர்வு முடிவு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“மாலதிம்மா, ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. நீதான அந்த வெப்சைட்ட பாத்துக்குறே? நெஜமாவே அது பழுதா இருந்துச்சா? இவ தினமும் போட்டேன் போட்டேன்னு சொல்றா. அங்க ஒன்னுமே வரலங்குறாங்க. எனக்கு இது ஒன்னும் வெளங்கல. நீ சொன்னா நான் கேட்டுக்குறேன்.”

நீ சொன்னா நான் கேட்டுக்குறேன்...

“அப்படி ஒன்னும் பழுது இல்ல, அங்கிள்” என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கதவு திறந்தது. “அப்போ இவதான்...” என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

கீழ்வீட்டில் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். கைப்பேசியில் எவனோடோ பேசிக்கொண்டிருந்துவிட்டு விண்ணப்பித்ததாகக் கதை கட்டியிருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டார். சோறு போட்டால் சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு லோரிக்குப் போய்விடுவார்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாமே என்கிறீர்களா? பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. சித்தி வேலை செய்யும் பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக் கடைக்குப் போகத் தொடங்கினாள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவள்தான் முதலில் வந்து கைகுலுக்கினாள்.

மற்றவர்கள்? அந்தப் பட்டியலை நான் சேமித்து வைக்கவில்லை. பழைய பதிவுகள் நாளடைவில் தாமாகவே அழிந்துவிடும். அழியட்டும் என்று காத்திருந்தேன். அவர்களில் ஒருவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் தங்கையாக இருக்கலாம். ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று உங்களையே நொந்துகொண்டு, கணினியை மூடிவிட்டு எழுந்து போனீர்களே... நீங்கள் எதையும் தப்பாக அழுத்தவில்லை.

ஓராண்டுக்கும் மேலாக இப்படியே கழிந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் துர்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, கடையில என் பேரை ஆன்லைன்ல எதுலயோ பதியச் சொல்றாங்க. நீங்க செஞ்சு தாங்கக்கா. எனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் வராதே... நான் கொஞ்சம் மக்குலா.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். உயிரியலில் ஏ வாங்கிய பெண். அவளுக்கு இனி எதுவும் வராது என்று அவளையே நான் நம்ப வைத்திருக்கிறேன்!

பிரிக்ஃபீல்ட்ஸில் அவளோடு இறங்கினேன். கடை திறக்க நேரமிருந்தது. ஓர் உணவகத்தில் தே தாரிக் என்னும் பால் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாய்கோடு, விதி, அறிக்கை, கெல்வின். மின்தூக்கியையும் சொன்னேன். தேநீர் ஆறி ஏடு படிந்தது.

“அப்போ... நான் சரியாத்தான் டைப் பண்ணேனாக்கா?”

“சரியாத்தான் பண்ணே, துர்கா.”

“ஒவ்வொரு வாட்டியுமா?”

“ஒவ்வொரு வாட்டியும்.”

அப்போதுதான் அழுதாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்! முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு வேற ஒன்னும் வேணாங்கா. அப்பாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னா கேட்டுப்பாரு.”

“வரேன். வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன்” என்றேன்.

போகவில்லை.

அவருக்குத் தெரிந்தால் சும்மா இருப்பாரா? கல்லூரிக்குப் போவார், அவர்கள் எங்கள் நிறுவனத்தைக் கேட்பார்கள், மாற்றக் குறிப்பைத் தோண்டுவார்கள். வேலை போகும், இத்துறையில் இனி யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறேன். கணக்குக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. என்னை நம்பியதற்காக அந்த மனிதர் தன்னையே பார்த்துக்கொள்வாரே ஒரு பார்வை... அதன் எதிரில் நான் எப்படி நிற்பேன்?

முதல் ஞாயிறு காய்ச்சல் என்றேன். அடுத்த ஞாயிறு சுங்கை பூலோவில் ஒரு விருந்து. அதற்குப் பின் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். துர்கா இப்போதெல்லாம் ரயிலில் வேறு பெட்டியில் ஏறுகிறாள். ஆனாலும் ஞாயிறுதோறும் ஒரு குறுஞ்செய்தி வரும். கோபம் இருக்காது, வற்புறுத்தல் இருக்காது. தகவல் மட்டும்.

இன்று காலையும் வந்தது.

“அப்பா இன்னிக்கு லோரிக்குப் போகல அக்கா. வீட்டுலதான் இருக்காரு.”

படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். பத்துப் படி இறங்கினால் அவர்கள் கதவு. நான் மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.